ஏரிக்கரைப் பக்கம் இழுக்கும் வண்டி

கோவிந்தசாமி பெரியப்பாவின் கொல்லையில் நான் வண்டியை இறக்கியபோது வெயில் நன்றாக ஏறியிருந்தது. எங்கள் சிங்கவரத்தில் கொல்லை என்றால் மேட்டு நிலம். தெற்கு வடக்காக நீண்ட அந்தக் கொல்லை முழுக்க மல்லாட்டை போட்டிருந்தார். டவுனில் நிலக்கடலை என்பார்களே, அதுதான். தூரத்தில் கோட்டை மலை. கிழக்கே ஏரிக்கரை, கரையை ஒட்டி ஊர்ச் சுடுகாடு. தினம் பார்க்கிற இடம்தான். அன்றைக்கு அந்தப் பக்கம் நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

“இன்னா ஆண்டாளு, இந்தப் பொம்ம வண்டிய நம்பி கொல்லைய வுட்றேன். செடிய மொட்ட அடிச்சிடாத,” என்றார் பெரியப்பா.

“செடிக்கு ஒண்ணும் ஆவாது பெரிப்பா. நீங்க போய் சாப்ட்டு வாங்க,” என்றேன். அவ்வளவு தெனாவட்டு எனக்கு.

வண்டியைப் பார்க்காதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். பழைய பேட்டரி ஸ்கூட்டரின் மோட்டார், முன்னால் ஒரு சக்கரம், பின்னால் இரண்டு, வயிற்றுக்கடியில் சுழலும் களைக் கத்தி. வரப்பில் நின்றுகொண்டு ரிமோட்டின் குச்சியைத் தள்ளினால் செடி வரிசைகளுக்கு நடுவே போய்க் களையைக் கொத்தும். முன்சக்கரத்தைத் திருப்புவது சர்வோ என்கிற உள்ளங்கை அளவுப் பெட்டி. ரிமோட் சொல்வதை ரிசீவர் கேட்டு சர்வோவுக்குச் சொல்லும், சர்வோ சக்கரத்தைத் திருப்பும். அந்தப் பெட்டி ஒரு தரம் வெட்டி இழுத்தால் போதும், களைக்குப் பதிலாகச் செடி போய்விடும்.

வண்டியைச் செய்தவர் என் வீட்டுக்காரர் இளையபெருமாள். கெட்டிக்காரர், இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் அவர் இருந்தவரைக்கும் அந்த ரிமோட்டை நான் தொட்டது கிடையாது. அது மட்டுமா? டிவி ரிமோட், பைக் சாவி, என் பேருக்கு வாங்கிய செல்போன், எல்லாம் அவர் கையில். நான் எந்த பஸ்ஸில் போய் எந்த பஸ்ஸில் திரும்ப வேண்டும் என்பதைக்கூட அவர்தான் சொல்வார். அடித்தாரா என்றால் இல்லை. குரல்கூட உயராது. “குடு, நான் பாத்துக்குறேன்” என்பார், அவ்வளவுதான். பதினாறு வருஷம் அவர் பார்த்துக்கொண்டார், நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

போன கார்த்திகையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. எங்களில் புதைப்பதுதான் வழக்கம். செத்தவருக்கு எது பிடிக்குமோ அதைக் கூடவே வைத்து அனுப்புவார்கள். வெற்றிலை, பீடி, சில பேருக்குக் குவார்ட்டர் பாட்டில். என் மூத்தார் தாண்டவராயன், அவருடைய அண்ணன், உள்ளே போய் அந்த ரிமோட்டை எடுத்துவந்தார். பாடையில் கிடந்தவரின் மார்பில் வைத்து இரண்டு கைகளையும் அதன்மேல் மடக்கிவிட்டார்.

“இது இல்லாம எந்தம்பி தூங்கமாட்டான்.”

“மாமா, அது இல்லன்னா வண்டி ஓடாது. எடுங்க!” என்று கத்தினேன். பறைச் சத்தத்தில் யாருக்குக் கேட்டது? புருஷன் பிணத்துக்கு முன்னால் ரிமோட்டுக்கு அழுகிறாள் என்று நாலு பொம்பளைகள் வாயில் துணியை வைத்துக்கொண்டார்கள். ரிமோட் குழிக்குள் போனது.

காரியம் முடிந்ததும் மூத்தார் சொன்னார், வண்டியைப் போட்டுவிட்டு அவர் வீட்டோடு வந்துவிட வேண்டுமாம். அவர் வீட்டில் ஆறு மாடும் ஒரு அடுப்படியும் எனக்காகக் காத்திருந்தன. அதற்குப் பயந்துதான் நான் வண்டியைக் கற்றுக்கொண்டேன். செஞ்சி பஜாரில் டிரோனும் பொம்மைக் காரும் ரிப்பேர் பார்க்கிற ரஞ்சித் புது ரிமோட்டும் அதற்கு ஜோடியான புது ரிசீவரும் போட்டுக் கொடுத்தான். ஊருக்குள் நான் பிடித்த முதல் பெரிய வேலை பெரியப்பாவின் கொல்லைதான். இது நல்லபடி முடிந்தால் வல்லத்திலும் அனந்தபுரத்திலும் கூப்பிடுவார்கள். கெட்டுப்போனால் மாட்டுக்கொட்டகை. நடுவில் வேறு வழி கிடையாது.

முதல் இரண்டு வரிசை பட்டுப்போல் போனது. மூன்றாவதில் சர்வோ கிர்ரென்று உறுமியது. நான் குச்சியைத் தொடவேயில்லை, சக்கரம் வலப்பக்கம் வெட்டியது. கத்தி ஒரு முழ நீளத்துக்குச் செடியை அரைத்துத் துப்பிவிட்டது.

நிறுத்தி, நேராக்கி, மறுபடி ஓட்டினேன். மறுபடி வெட்டியது.

பெரியப்பா சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தார். திட்டினால்கூடத் தாங்கியிருப்பேன். செடியை ஒவ்வொன்றாகப் பொறுக்கி வரப்பில் வைத்துவிட்டு, “வெள்ளிக்கெழம வரைக்கும் பாக்குறேன் பொண்ணு. அப்பறம் ஆள வச்சிக்குறேன்,” என்றார். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

“சர்வோ துடிச்சா பயப்படாதக்கா,” என்றான் ரஞ்சித், வண்டியோடு அவன் கடையில் போய் நின்றபோது. “காரணம் இல்லாம ஒண்ணும் துடிக்காது. ஒவ்வொண்ணா கழிச்சிக்கினே வா.”

கழித்தேன். சர்வோ தேய்ந்திருக்கலாம் என்று புதுசு மாற்றினோம். துடித்தது. மோட்டார் இழுக்கும்போது கரண்டு இறங்குகிறதோ என்று ரிசீவருக்குத் தனி பேட்டரி கொடுத்தோம். துடித்தது. மோட்டார் கிளப்பும் இரைச்சல் ரேடியோவைக் குழப்பும் என்று மோட்டார் முனையில் கெப்பாசிட்டர் வைத்துப் பற்ற வைத்தான், ஒயரை வளையத்தில் சுற்றினான், ரிசீவரைத் தூரத் தள்ளி அதன் ஏரியலை நிமிர்த்திக் கட்டினான். கடை வாசலில் வண்டி சொன்ன பேச்சைக் கேட்டது. என் வீட்டுத் தோட்டத்தில் காலையில் ஓட்டினேன், அங்கேயும் கேட்டது.

கொல்லைக்கு வந்து உச்சிப்பொழுதானதும் துடித்தது.

வரப்பில் உட்கார்ந்து அதையே முறைத்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் ஒன்று உறைத்தது. வண்டி வடக்கே போகும்போது சக்கரம் வலப்பக்கம் வெட்டுகிறது. திரும்பித் தெற்கே வரும்போது இடப்பக்கம் வெட்டுகிறது. மறுபடி ஓட்டிப் பார்த்தேன். வேண்டுமென்றே குறுக்கே மேற்கு நோக்கி நிறுத்தினேன். சக்கரம் எந்தப் பக்கம் போவது என்று தெரியாததுபோல் இரண்டு பக்கமும் ஆடியது.

கிழக்கே திருப்பி வைத்தேன். அசையவில்லை. ஏரிக்கரையைப் பார்த்தபடி அமைதியாக நின்றது.

இரைச்சலுக்கு ஏது திசை? வண்டி எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறது என்று ரேடியோ அலைக்குத் தெரியுமா என்ன? ரஞ்சித்துக்குப் போன் போட்டுக் கேட்டேன். “யாரோ வெளையாடறாங்கக்கா. உன் ரிசீவர எவனோ வேற ரிமோட்டோட ஜோடி சேத்துட்டான்,” என்றான்.

எவனோ என்ன எவனோ. எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. நேராக டீக்கடைக்குப் போனேன். மூத்தார் பெஞ்சில் உட்கார்ந்து பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தார்.

“மாமா, ரிமோட்ட வெளிய எடுங்க.”

“இன்னா ரிமோட்டு?”

“என் வண்டிய ஆட்டி வைக்கிற ரிமோட்டு. நான் நாசமாப் போய் உங்க வூட்ல சாணி அள்ளணும். அதானே ஆச?”

கடையில் இருந்தவர்கள் எழுந்து நின்றுவிட்டார்கள். மூத்தார் கோபப்படவில்லை. அவர் முகம் வெளுத்துப்போனதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. கையிலிருந்த டீ தளும்பி வேட்டியில் கொட்டியது, அதைக்கூடத் துடைக்கவில்லை.

“நான் காலைலேர்ந்து இங்கதாம்மா இருக்கேன். இவங்கள கேளு,” என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார். “எந்தப் பக்கம் இழுக்குது?”

நான் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டேன்.

“ஏரிக்கர பக்கமா?”

திரும்பி நடக்கப் பார்த்தேன்.

“அவன் கேக்குறான்டி. கொண்டும்போய் அவன் தலமாட்ல வுட்டுட்டு வந்துடலாம். நானே வர்றேன். உன்னயும் எதனா பண்ணிடுவான். நம்ம வூட்டுக்கு வந்துடு.”

பயத்தில் சொன்னாரோ, பாசத்தில் சொன்னாரோ, அவருக்கே தெரியாது. செத்தவர் கேட்டால் கொடுக்க வேண்டும், இருப்பவர் கூப்பிட்டால் போக வேண்டும். அப்படியானால் நான் என்ன, அடுத்த குழிக்குள் வைத்து அனுப்பும் சாமானா?

“அவரு கேட்டா நான் குடுக்கணுமா? முடியாதுன்னு சொல்லுங்க,” என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை காலையில் வேலை ஓடியது. பாதிக் கொல்லை சுத்தமாக முடிந்தது. பெரியப்பாகூடத் தலையை ஆட்டிவிட்டுச் சாப்பிடப் போனார். சுற்றிலும் ஆள் கிடையாது. புளியமரத்தில் கத்திக்கொண்டிருந்த மைனாக்கள் நின்றன. காற்று நின்றது. என் நிழல் காலடிக்குள் போய்விட்டது.

ஒரு வாசனை வந்தது.

பற்ற வைத்த ஈயமும் தேங்காயெண்ணெயும் கலந்த வாசனை. என் தலையணைக்குப் பக்கத்துத் தலையணையில் பதினாறு வருஷம் இருந்த வாசனை.

சர்வோ கிர்ரென்றது.

வண்டியை நிறுத்தினேன். கத்திப் பக்கம் கை வைக்கும் முன் சிவப்பு பிளக்கைப் பிடுங்க வேண்டும் என்பது ரஞ்சித் சொல்லிக்கொடுத்த முதல் பாடம். பிடுங்கி இடுப்பில் செருகிக்கொண்டேன். மோட்டாருக்கு இனி கரண்டு கிடையாது. ரிமோட்டையும் அணைத்தேன்.

சக்கரம் கிழக்கே திரும்பியது.

மூடியைத் திறந்து ரிசீவரைப் பிடுங்கினேன். அதன் பேட்டரியையும் பிடுங்கினேன். இப்போது சர்வோவின் ஒயர் எதிலும் சேராமல் என் விரலில் தொங்கியது. மறு கையால் செல்லில் ரஞ்சித்தைக் கூப்பிட்டேன்.

“ரிசீவர கழட்டிட்டேன்டா. ஒயரு என் கைலதான் இருக்குது.”

“சரிக்கா. இப்ப அசையாது.”

சக்கரம் மெல்ல நேரானது. மெல்ல மறுபடி கிழக்கே திரும்பியது. அவசரமே இல்லை.

“அசையுதுடா,” என்றேன்.

“அக்கா, அப்டியே வுட்டுட்டு ரோட்டுக்கு வந்துடுக்கா,” என்றான் அழாக்குறையாக.

“நீயுமாடா?” என்று வைத்துவிட்டேன்.

வண்டி கிளம்பியது.

பிளக் என் இடுப்பில் குத்திக்கொண்டிருந்தது. மோட்டார் சத்தம் போடவில்லை. செம்மண்ணில் சக்கரம் நசுங்கும் சத்தம் மட்டும். வரிசைகளைக் குறுக்கே கடந்து போனது, ஒரு செடி சாயவில்லை. அவர் ஓட்டினால் அப்படித்தான் ஓட்டுவார். அந்த நேரத்திலும் எனக்கு அதுதான் எரிச்சலாக இருந்தது.

ஸ்பேனரை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனேன். கரை ஏறி இறங்கியது. எங்கள் ஊரில் பொம்பளை சுடுகாட்டுக்குள் கால் வைக்கக் கூடாது. புதைத்த அன்றைக்கே என்னைத் தெருமுனையோடு நிறுத்திவிட்டார்கள். எருக்கஞ்செடியைத் தள்ளிக்கொண்டு உள்ளே நுழைந்தேன். காய்ந்த மாலை நார், உடைந்த சட்டி, வெயில். அவர் மேடு எதுவென்று எனக்கு யாரும் காட்டியதில்லை.

வண்டி காட்டியது.

ஒரு மேட்டின் கால்மாட்டில் போய் நின்றது. பிறகு நின்ற இடத்திலேயே மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தது.

அடியில் கத்தி சுற்றத் தொடங்கியது.

முதலில் மெதுவாக. அப்புறம் வேகமாக. அப்புறம் கத்தியே தெரியாத அளவுக்கு. ஈய வாசனை மூக்கை அடைத்தது. காதுக்குப் பக்கத்தில், உயராத குரலில், பேச்சுக்கு முன்னால் ஒருவர் தொண்டையைச் செருமும் சத்தம்.

“பேசாத,” என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. இன்னொரு தரம் சத்தமாகச் சொன்னேன். “பேசாத! பதினாறு வருஷம் நீதான் பேசின.”

வண்டி ஒரு சாண் முன்னால் வந்தது.

ஓடியிருக்கலாம். ஓடினால் எங்கே போவேன்? மூத்தார் வீட்டுக்குத்தான். அதை நினைத்ததும் கால் ஊன்றிக்கொண்டது.

“வா,” என்றேன். “வெட்றதுன்னா வெட்டு. வண்டிய தரமாட்டேன்.”

இன்னொரு சாண். புடவைக் கொசுவம் கத்திக் காற்றில் படபடத்தது. நான் பின்னால் போகவில்லை, குனிந்தேன். முன்சக்கரத்துக்கு மேலே சர்வோவைப் பிடித்திருந்த நட்டில் ஸ்பேனரைப் போட்டேன். சர்வோ கையில் உயிருள்ளதுபோல் துள்ளியது. ஒன்று கழன்றது. இரண்டு. என் கட்டைவிரலைக் கடித்ததுபோல் கியர் நசுக்கியது, ரத்தம் வந்தது, விடவில்லை. மூன்று. நாலாவது நட்டு துருப்பிடித்துச் சுற்றிக்கொண்டே இருந்தது. வாய்க்கு வந்ததையெல்லாம் சொல்லித் திட்டினேன். அத்தனை வருஷத்தில் அவரை நான் திட்டியது அன்றைக்குத்தான். அழுகையும் வந்தது, அதையும் நிறுத்தவில்லை.

சர்வோ பிடுங்கிக்கொண்டு வந்தது.

கத்தி நின்றது.

“திருப்பற வேல உனக்குத்தானே வேணும்? இந்தா,” என்று அதை மேட்டின்மேல் வீசினேன். “ரிமோட்டும் உங்கிட்டதான் இருக்குது. வச்சிக்கோ. வண்டி என்னிது.”

வண்டியைக் கையால் தள்ளிக்கொண்டு கரை ஏறினேன். முதுகுக்குப் பின்னால் மண்ணில் கிடந்த அந்தப் பெட்டி விட்டுவிட்டுக் கிர்ரென்று உறுமிக்கொண்டிருந்தது. நான் திரும்பவில்லை.

அன்றைக்கே செஞ்சிக்குப் போய்ப் பட்டறையில் நின்றேன். முன்சக்கரத்தின் கவட்டையிலிருந்து பின்பக்கம் நீளும்படி ஒரு இரும்புக் குழாய், அதன் முனையில் குறுக்கே ஒரு கம்பி. வெல்டிங் வைக்கும்வரை பக்கத்திலேயே இருந்தேன். இனி ரிமோட் வேண்டாம், ரிசீவர் வேண்டாம். பின்னாலேயே நடந்து என் கையால் திருப்பிக்கொள்வேன். ரஞ்சித் வந்து பார்த்தான். ஒன்றும் கேட்காமல் கத்திக்கு ஒரு கைச் சுவிட்சு போட்டுக் கொடுத்தான்.

“ஏர் ஓட்டற மாதிரி இருக்குதுக்கா.”

“இருக்கட்டும். ஓட்டறது யாருன்னு தெரிஞ்சா போதும்.”

சனிக்கிழமை பெரியப்பாவின் காலைப் பிடிக்காத குறையாக ஒரு நாள் கேட்டு வாங்கினேன். மீதிக் கொல்லையை முடித்தேன். உச்சிப்பொழுதில் கைப்பிடி கிழக்கே இழுத்தது. நான் மேற்கே இழுத்தேன். தோள்பட்டை கழன்றுவிடும் போலிருந்தது, வண்டி நேராகப் போனது. சாயங்காலம் பெரியப்பா வரிசை வரிசையாக நடந்து பார்த்துவிட்டு, வல்லத்தில் அவர் மச்சானுக்குப் போன் போட்டு என் பேரைச் சொன்னார். மூத்தார் வரப்பில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். கிட்டே வரவில்லை.

வீட்டுக்கு வந்து வண்டியைத் துடைக்க உட்கார்ந்தேன். குறுக்குக் கம்பிமேல் செம்மண் தூசு மாவாகப் படிந்திருந்தது. நான் பிடித்த இரண்டு இடத்தில் மட்டும் தூசு இல்லை.

அதற்கு வெளியே, இரண்டு ஓரத்திலும், இன்னும் இரண்டு இடத்தில் தூசு இல்லை.

என் கையைவிட அகலமான இடங்கள்.

வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு துடைக்காமல் எழுந்து போய்ச் சோறு போட்டுச் சாப்பிட்டேன்.

மறுநாள் வல்லத்தில், சூரியன் தலைக்கு மேலே வந்த நேரம், என் கைகளை அகட்டி அந்த ஓரங்களில் வைத்தேன். மற்ற இடமெல்லாம் தோசைக்கல்லாகக் கொதித்த கம்பி அங்கே மட்டும் சில்லென்றிருந்தது. அந்தச் சில்லிப்பு என் விரல்களுக்கு அடியிலிருந்து நழுவி, என் விரல்களின்மேல் ஏறி, மெல்ல மடங்கிக்கொண்டது.

“இழு பாக்கலாம்,” என்றேன்.

இழுத்தது.

நானும் இழுத்தேன்.